ஏர்வாடிக்கு முன்னும் பின்னும்: மனநோயும் நம் மறைப்பும்

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் விடுதியொன்றில் தீப்பற்றியது. அது ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களுள் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். இறைவன் அவர்கள்மீது கருணை பொழிவானாக.

தர்காவை நாடி வருவோரை நம்பித் தனியார் நடத்திய விடுதி அது. அங்கிருந்தவர்கள் ஒரே சமயத்தைச் சேர்ந்தவர்களும் அல்லர். எனினும் ஏர்வாடி என்னும் பெயரைக் கேட்கும்போதெல்லாம் தமிழக முஸ்லிம்களாகிய நம் உள்ளம் உறுத்தத்தான் செய்கிறது. சங்கிலியைப் பூட்டியவர் எவராயினும், அந்நோயாளிகளை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பெரும்பாலும் அவர்தம் குடும்பத்தாரே. தாயும் தந்தையும் அண்ணனும் மாமனுமாகிய அவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு எங்கே போவதென்று தெரியாதவர்கள்; தெரிந்திருந்தும், ஊர் அறிந்துவிடுமே என்று அஞ்சியவர்கள்.

அவர்களுடைய வீட்டுக்கும் அந்தச் சங்கிலிக்கும் இடையே ஒரு மருத்துவர் ஏன் இல்லை? இதற்கு விடை தேடினால், நாம் பெரிதும் பேசாத ஒரு வரலாற்றுக்குள் செல்ல வேண்டியிருக்கிறது.

மார்க்கம் கொடுத்த இடம்

அரபு மொழியில் சித்தம் கலங்கியவரைக் குறிக்கும் ‘மஜ்னூன்’ என்னும் சொல் ‘ஜின்’ என்னும் சொல்லோடு வேர் உறவு உடையது. மக்கத்து எதிரிகள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இழிவுபடுத்தக் கையாண்ட சொற்களுள் அதுவும் ஒன்று. திருக்குர்ஆன் அப்பழியை மறுத்துரைத்தது. அந்தச் சொல் ஏச்சாக வந்து விழும்போது எவ்வாறு வலிக்கும் என்பதை நம் நாயகமே அறிந்திருந்தார்கள் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

சித்தம் தெளியாதவர் தம் செயல்களுக்குப் பொறுப்பாளி அல்லர் என்பதை நபிமொழி தெளிவாக்குகிறது. உறங்குபவர், சிறுவர் ஆகியோரோடு அவரையும் வைத்து, அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்று அது கூறுகிறது. தம் பொருளை ஆளும் பக்குவம் இல்லாதவர்க்கு அப்பொருளிலிருந்தே உணவும் உடையும் தந்து, அவர்களிடம் இனிய சொல்லே பேச வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயம் தரும் கட்டளை. துயருற்ற உள்ளத்துக்கு இதம் தருமென்று ‘தல்பீனா’ என்னும் வாற்கோதுமைக் கஞ்சியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சமைக்கச் சொன்ன செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. இறைவன் எந்த நோயையும் மருந்தில்லாமல் இறக்கவில்லை என்ற நபிவாக்கு உடல்நோயை மட்டும் பிரித்துப் பேசவில்லை.

ஜின் இனம் உண்டென்பது நம் நம்பிக்கை. ஆனால் உறக்கம் கெட்டவர், யாருக்கும் கேட்காத குரல் கேட்பவர், காரணமின்றி அழுதுகொண்டிருப்பவர் ஆகிய அனைவரையும் ஜின் பிடித்தவர் என்று முடிவுகட்டுவதை அந்நம்பிக்கை நம்மிடம் கேட்கவில்லை. முற்கால முஸ்லிம் மருத்துவர்களும் அவ்வாறு முடிவுகட்டவில்லை.

பல்கீயும் மாரிஸ்தானும்

இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பகுதியில் பிறந்து 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர், ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்றொரு நூல் இயற்றினார். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை என்று அத்தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். மருத்துவ நூலோர் உடலைப் பற்றியே எழுதி உள்ளத்தை விட்டுவிடுகின்றனர் என்பது அவருடைய மனக்குறை. ஆகவே தம் நூலின் ஒரு பகுதியை உள்ளத்துக்கென்றே ஒதுக்கி, சினம், அச்சம், துயரம், திரும்பத் திரும்ப வந்து துன்புறுத்தும் வஸ்வாஸ் எண்ணங்கள் ஆகிய நான்கையும் ஆராய்ந்தார். துயரத்திலும் இரண்டு வகை கண்டார். இழப்பு முதலிய காரணம் தெரிந்து வருவது ஒன்று. காரணம் எதுவும் புலப்படாமல் வருவது மற்றொன்று. இரண்டாவதற்கு உடலின் வழியாகவும் மருத்துவம் செய்ய வேண்டுமென்றார். மன உளைச்சல் உடலை நோகச் செய்யும், உடல்நோய் மனத்தை வாட்டும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவர் எழுதிவைத்தார். சூடானைச் சேர்ந்த உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ அந்நூலின் உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த பின்னரே அது நம் காலத்தவரிடையே பரவலாக அறியப்பட்டது.

ஏட்டளவில் நின்றுவிடாத மரபு இது. 872ஆம் ஆண்டளவில் எகிப்தின் ஆட்சியாளர் அஹ்மத் இப்னு தூலூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மன்ஸூரீ மருத்துவமனையிலும் அவர்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. 1354இல் அலெப்போவில் அர்கூன் காமிலீ மாரிஸ்தானும், 1488இல் எதிர்னே நகரில் இரண்டாம் பாயஸீத் மருத்துவமனையும் எழுந்தன. இவற்றுள் பலவற்றுக்கும் வக்ஃப் சொத்தின் வருவாயே செலவுக்கு ஆதாரமாக இருந்தது. காய்ச்சலோடு வந்தவரும் சித்தம் கலங்கி வந்தவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே அறக்கொடையில் மருத்துவம் பெற்றனர் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இந்த மரபைப் பேசும்போது அதன் குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மாரிஸ்தான்களிலும் சங்கிலி இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதைக் கண்ட துதேலா நகரத்து யூதப் பயணி பெஞ்சமின், அங்கே மனநோயாளிகள் இரும்புச் சங்கிலியில் வைக்கப்பட்டிருந்ததையும், தெளிவு பெற்றவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். அங்கே சங்கிலிக்குப் பின் வீடு என்றொரு முடிவு இருந்தது. அதிகாரிகள் மாதந்தோறும் வந்து நோயாளிகளைச் சோதித்தனர்.

இப்னு தூலூனைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. அவர் வெள்ளிக்கிழமைதோறும் தம் மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளை நலம் விசாரிப்பது வழக்கம். ஒருநாள் விலங்கிடப்பட்டிருந்த மனநோயாளி ஒருவர், தாம் பித்தர் அல்லர் என்று கூறி, ஒரு பெரிய மாதுளம்பழம் வேண்டுமென்று கேட்டார். ஆட்சியாளரும் தரச் செய்தார். அதைக் கையில் வாங்கி உருட்டிக்கொண்டிருந்தவர், எதிர்பாராத நேரத்தில் அவர் மார்பை நோக்கி வீசினார். பழம் உடைந்து ஆடை கறைபட்டது. அன்றோடு இப்னு தூலூன் அங்கே செல்வதை நிறுத்திவிட்டார் என்பர். மருத்துவமனையைக் கட்டும் மனம் இருந்தவருக்கும் ஒரு பழக்கறையைப் பொறுக்கும் மனம் இல்லாமற் போயிற்று.

சுவருக்குள் சென்ற நோய்

நம் நாட்டில் இவ்வரலாறு வேறு திசையில் சென்றது. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில், 1794இல் சென்னையில் பித்தர் காப்பகம் தொடங்கியது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்தின் பெரிய தோட்டத்துக்கு மாறியது. இன்று அரசு மனநலக் காப்பகமாக விளங்குவது அதுவே. 1912ஆம் ஆண்டின் இந்திய லூனசிச் சட்டத்தின்கீழ் நோயாளி ஒருவர் உள்ளே செல்ல, பெரும்பாலும் நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டியிருந்தது. வயிற்றுவலிக்கு மருத்துவரிடம் போகலாம். மனவலிக்கோ காவலர், நடுவர், உயர்ந்த மதில் என்று ஆயிற்று. நோயாளியும் குற்றவாளியும் ஒரே வாயிலில் நிற்பது போன்ற தோற்றம் உண்டானது. ‘கீழ்ப்பாக்கம்’ என்னும் ஊர்ப்பெயரே தமிழில் ஒரு கேலிச்சொல்லாகிவிட்டதை நாம் அறிவோம். அவ்வூரின் பெயரைச் சொல்லி நண்பரைச் சீண்டாதவர் நம்மில் எத்தனை பேர்?

இடமும் போதவில்லை. 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கைப்படி, அன்றைய இந்தியா முழுமைக்கும் மனநோயாளிகளுக்கென்று இருந்த படுக்கைகள் ஏறத்தாழ பத்தாயிரம். ஏனையோர் வீட்டில் இருந்தனர். அல்லது தர்காவிலும் கோயிலிலும் இருந்தனர். ஏழைக் குடும்பங்கள் வழிபாட்டுத் தலங்களைத் தேடிச் சென்றதற்கு நம்பிக்கை ஒரு காரணம். அங்கே கதவு திறந்திருந்தது, எவரும் சான்றிதழ் கேட்கவில்லை என்பது மற்றொரு காரணம்.

மதிலைத் தளர்த்தியவர்களும் இருந்தனர். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் பொறுப்பிலிருந்த மருத்துவர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களையும் வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். நோயாளி குணமடைவதைக் கண்ணால் கண்ட உறவினர் அவரை அழைத்துச்செல்லத் தயங்கவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 முதல் குடும்பத்தாரை உடன் தங்கவைக்கும் முறையை வளர்த்தது. 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியிருந்தது. அதுவும் அதன் வழிவந்த மருந்துகளும் கிடைத்தபின், பலரை வீட்டிலேயே வைத்து மருத்துவம் பார்க்க முடிந்தது. இனித் தேவைப்பட்டது வீட்டுக்கு அருகே ஒரு மருத்துவர்.

தலைவலி என்று வந்தவர்கள்

அருகிலுள்ள மருத்துவரால் இந்நோயை அறிய முடியுமா? 1970களில் உலக சுகாதார நிறுவனம் இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. இந்தியா, சூடான், பிலிப்பைன்ஸ், கொலம்பியா ஆகிய நான்கு நாடுகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 1,624 நோயாளிகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். 1980இல் வெளியான முடிவு இது: அவர்களுள் 225 பேருக்கு, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய பதினான்கு பேருக்கு, மனநலக் குறை இருந்தது. ஆனால் பெரும்பாலோர் தலைவலி, வயிற்றுவலி, இருமல், உடற்சோர்வு என்று சொல்லிக்கொண்டே வந்தனர். சுகாதாரப் பணியாளர்கள் சரியாக இனங்கண்டது மூன்றில் ஒரு பங்கினரை மட்டுமே.

இவ்வாய்வு ஐம்பதாண்டுப் பழமையுடையதாயினும், நம் வீடுகளை அடுத்த தெருவிலிருந்து பார்த்து எழுதியது போல இருக்கிறது. கணவர் வளைகுடாவில் இருக்க, பிள்ளைகளையும் மாமனார் மாமியாரையும் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் உறங்காமல் கிடக்கும் பெண், மருத்துவரிடம் ‘எனக்கு மனம் சரியில்லை’ என்று சொல்வதில்லை. ‘தலை பாரமாக இருக்கிறது’ என்கிறார். வலிமாத்திரை கிடைக்கிறது. அடுத்த மாதம் மீண்டும் வருகிறார். பொய் சொல்வது அவர் நோக்கமன்று. சொல்லத்தக்க சொல்லாக நம் சமூகம் அவருக்கு விட்டுவைத்தது தலைவலி ஒன்றைத்தான்.

இதே காலத்தில் சண்டிகர் மருத்துவர்கள் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் சகலவாராவிலும் சோதனைத் திட்டங்கள் நடத்தினர். குறுகிய காலப் பயிற்சியும் சில எளிய மருந்துகளும் கொடுத்தால், ஊர்ப்புற மருத்துவரும் சுகாதாரப் பணியாளரும் கடும் மனநோய், மனச்சோர்வு, வலிப்பு ஆகியவற்றைக் கவனிக்க முடியும் என்பது அங்கே விளங்கியது. அதன் பயனாக 1982இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் அது செயற்படுத்திப் பார்க்கப்பட்டது. 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் அது முதலில் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது.

வழி தெரிந்தது 1982இல்; ஏர்வாடியில் தீ மூண்டது 2001இல். இந்தப் பத்தொன்பது ஆண்டு இடைவெளியில்தான் அந்த 28 பேரும் இருந்தனர். திட்டம் தாளில் இருந்தது. அவர்கள் ஊருக்கு அது வந்து சேரவில்லை.

சம்பந்தம் என்னும் அச்சம்

பழி முழுவதையும் அரசின்மேல் போட்டுவிட்டு நாம் விலகிவிட முடியாது. மருத்துவர் அருகில் இருந்தாலும் வாசல் தாண்டிப் போக விடாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்த தாரா, ஸ்ரீநிவாசன் ஆகிய இருவரும் மனச்சிதைவு நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தாரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். திருமணம் பற்றிய கவலை, அண்டை அயலார் ஒதுக்கிவிடுவர் என்னும் அச்சம், பிறரிடமிருந்து நோயை மறைக்க வேண்டிய கட்டாயம் ஆகியவை குடும்பத்தாரைப் பெரிதும் வாட்டியவற்றுள் முன்னின்றன.

நம் குடும்பங்களில் இது எவ்வாறு நடக்கிறதென்று நமக்குத் தெரியும். மகனுக்கு நோய் என்றால் மகளுக்குச் சம்பந்தம் வராது என்று அஞ்சுகிறோம். ஆகவே உள்ளூர் மருத்துவரைத் தவிர்த்து, எவரும் அறியாத வெளியூருக்கு அழைத்துச் செல்கிறோம். அல்லது அறையில் வைத்துப் பூட்டுகிறோம். சிலர் நோயை மறைத்தே நிக்காஹ் செய்துவைக்கின்றனர். புது உறவினர் கண்ணில் மாத்திரை படக் கூடாது என்பதற்காக, மணமானவர் மருந்தை நிறுத்துகிறார். சில மாதங்களில் நோய் திரும்புகிறது. அப்போது மருந்தை நிறுத்தியதைப் பேசுவார் இல்லை, செய்வினை பேசப்படுகிறது. மறைத்ததால் காப்பாற்றப்பட்டது எது? குடும்ப மானமும் போயிற்று. நோயாளியின் சில ஆண்டுகளும் போயின.

2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு வாழ்கின்றனர். நோய்க்கேற்ப, அவர்களுள் நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூற்றிரண்டு பேர் வரை மருத்துவம் பெறாதிருக்கின்றனர். நம் மஹல்லாவில் ஒவ்வொரு தெருவிலும் இத்தகைய ஒரு வீடு இருக்கிறதென்றே இதற்குப் பொருள். அந்த வீடு நம் வீடாகவும் இருக்கலாம்.

துஆவும் தவாவும்

ஏர்வாடித் தீக்குப் பின் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்ட நோயாளிகள் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். உச்ச நீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, மனநல மருத்துவம் செய்வதாகக் கூறும் நிலையங்களை மாவட்டவாரியாகக் கணக்கெடுக்குமாறு எல்லா மாநிலங்களையும் பணித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியில் பிணைக்கக் கூடாதென்று தடைசெய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும் என்றும் கூறியது.

தர்காவுக்கு வருவோரைத் தடுப்பதால் மட்டும் பயனில்லை என்பதும் உணரப்பட்டது. குஜராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008 முதல் ‘தவா – துவா’ என்னும் முயற்சி நடந்தது. பிரார்த்தனைக்கு வந்தவரிடம் முஜாவர்களே பேசி, அங்கேயே இருக்கும் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைத்தனர். அதே பெயரில் ஏர்வாடியிலும் பின்னர் அரசின் மருத்துவ உதவி வந்து சேர்ந்தது. ஓதிப் பார்ப்பதைக் கைவிடு என்று எவரும் சொல்லவில்லை. ஓதியபின் இந்த மாத்திரையையும் போட்டுக்கொள் என்றனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்னும் நபிபோதனையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று.

வழிபாட்டுத் தலத்தில் தங்குவதால் சிலருக்கு நலம் விளைவதுண்டா என்றும் ஆராய்ந்தனர். தமிழகத்துக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து 2002இல் எழுதினர். சில வாரங்களில் அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்கே தனிச் சடங்கு ஏதும் செய்யப்படவில்லை. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலில் அன்றாடச் சிறு வேலைகளில் அவர்கள் பங்குகொண்டனர். மனிதரோடு மனிதராக இருக்க விட்டதே நன்மை தந்தது என்று கொள்ள இடமுண்டு. அந்த நன்மையைத் தர நம் வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் இயலும்.

நம் முறை

இன்று அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் முதலில் கேட்டு, அவர் வழியாக அங்கே செல்லலாம். 14416 என்னும் டெலிமானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். வழி இருக்கிறது; அவ்வழியில் நடப்பதற்கு வெட்கம் தடையாக இருக்கிறது. அதை நீக்கும் சட்டம் எந்த அரசிடமும் இல்லை.

நம் ஜமாஅத்துகள் கண் சிகிச்சை முகாமும் சர்க்கரை நோய் முகாமும் நடத்துகின்றன. அதே பந்தலில் ஒரு மேசையை மனநல மருத்துவருக்கும் ஒதுக்கலாம். தனி முகாம் வேண்டாம். தனியாக வைத்தால் அங்கே செல்பவரை ஊர் பார்க்கும். காய்ச்சலுக்கும் கலக்கத்துக்கும் ஒரே கூரையைத் தந்தவர்கள் மாரிஸ்தானைக் கட்டியவர்கள். அவர்களைப் போல நாமும் ஒரே பந்தலைத் தரலாம். தம்மிடம் ஓதிப் பார்க்க வருபவரிடம் இமாம்கள், ‘மருத்துவரைப் பார்த்தீர்களா?’ என்று ஒரு கேள்வி கேட்டால், அக்கேள்விக்குப் பல குடும்பங்கள் செவிசாய்க்கும். சம்பந்தம் பேசும்போது, மருந்து உட்கொண்டு நலமாக வாழ்பவர் ஒருவரைச் சர்க்கரை நோயாளியைப் பார்ப்பது போலவே பார்க்கப் பழகினால், மறைக்க வேண்டிய தேவையே குறையும்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு இன்னொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. எலும்பு முறிந்தவரைக் காண ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு செல்கிறோம். மூன்றாண்டுகளாக அறையைவிட்டு வெளியே வராத அடுத்த வீட்டு இளைஞரைக் காண எத்தனை முறை சென்றோம்? சென்றால் அவர் முகம் திருப்பலாம், கடுஞ்சொல் சொல்லலாம், தந்த பழத்தை நம்மீதே வீசவும் செய்யலாம். இப்னு தூலூன் அத்தோடு நிறுத்திக்கொண்டார். நாம் ஆடையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமையும் செல்வோம். அதற்கான பொறுமையை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.